ரேகைச் சட்டம் முதல் கணினிப் பதிவு வரை: மதுரைச் சீமையில் காவல் துறையும் தகவல் நுட்பமும்

காவல் துறையின் வேலையில் பெரும்பகுதி தகவல் வேலையே. இவர் யார், இதற்கு முன் எந்த வழக்கில் இருந்தார், திருட்டு நடந்த இரவில் எங்கே இருந்தார், களவு போன பொருள் எந்த ஊரில் விலைபோனது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால் வழக்கு நகரும், கிடைக்காவிட்டால் நிற்கும். இன்று அந்த விடைகளைக் கணினியிலும் கண்காணிப்புக் கேமராவிலும் தேடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவை மைதடவிய காகிதத்தில் தேடப்பட்டன. அந்தக் காகிதத்தின் பெயரையே ஒரு சட்டத்துக்குப் பெயராக வைத்து அழைத்தவர்கள் மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர் மக்கள். அரசிதழில் அது குற்றப் பழங்குடியினர் சட்டம். உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணிப் பக்கத்தில் அது ரேகைச் சட்டம். ஒரு தகவல் தொழில்நுட்பம் சட்டத்தின் மூலப் பெயரையே மறைத்துவிட்ட இந்த நிகழ்வைப் புரிந்துகொண்டால், இன்றைய கணினிப் பதிவுகள் பற்றிய விவாதமும் எளிதில் விளங்கும்.

துப்பும் துப்புக்கூலியும்

நாம் துப்பறிதல் என்று சொல்கிறோம். துப்பு என்றால் தடயம், அறிகுறி. மதுரைச் சமவெளியில் இந்தச் சொல்லுக்கு ஒரு விலையும் இருந்தது. மாடு களவு போனால் உரியவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு இடையாளை நாடுவார். இடையாள் ஒரு தொகை பேசுவார். தொகை கைமாறிய பிறகு மாடு ஏதாவது ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். அந்தத் தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச் சுவடியில் டபிள்யூ. ஃபிரான்சிஸ் இந்த வழக்கத்தையும், அதோடு சேர்ந்த காவல் முறையையும் பதிவு செய்திருக்கிறார்.

பாளையக்காரர் காலத்திலிருந்தே திசைக்காவல், ஊர்க்காவல் என்ற ஏற்பாடுகள் இருந்தன. ஒரு ஊரின் பயிரையும் மாட்டையும் வீட்டையும் காப்பவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. களவு போனால் அவர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்க வேண்டும். எந்தத் தடத்தில் யார் போனார், யாருடைய மாட்டுக்கு என்ன அடையாளம் என்பதெல்லாம் காவல்காரரின் தலைக்குள் இருந்தது. பதிவேடு கிடையாது. தகவலை வைத்திருந்தவரே அதிகாரத்தையும் வைத்திருந்தார். காவல்கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு கூடுவதும் உண்டு. இந்த முறையை ஒரேயடியாகப் புகழ்வதற்கும் இகழ்வதற்கும் இடமில்லை. 1896இல் திண்டுக்கல், மதுரைப் பகுதிகளின் பல ஊர்களில் மக்கள் பணம் திரட்டி, கள்ளர் காவலை நீக்கிவிட்டுத் தாங்களே காவல் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொது நிதி என்ற பொருளில் அதைப் பண்டு என்றார்கள். மோதல்களும் நடந்தன.

கம்பெனி ஆட்சி காவல் உரிமைகளை ஏற்கவில்லை. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சீருடைக் காவல் துறை அமைந்தது. ஆனால் அந்தத் துறைக்கு ஊர் தெரியாது. எங்கிருந்தோ மாற்றலாகி வந்த ஆய்வாளருக்கு எந்த ஒற்றையடிப் பாதை எந்தக் கண்மாய்க்கரையில் ஏறுகிறது என்பது எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள அவர்கள் தேர்ந்த வழி, தனி மனிதரை அறிவதற்குப் பதிலாகச் சாதிகளைப் பற்றி எழுதிவைப்பது. சென்னைக் காவல் துறையைச் சேர்ந்த எஃப். எஸ். முல்லாலி 1892இல் வெளியிட்ட நூல் மாகாணத்தின் 'குற்ற வகுப்புகள்' பற்றிய குறிப்புகளின் தொகுப்பு. எந்தக் கூட்டத்தார் எப்படிக் கன்னம் வைப்பார்கள், என்ன ஆயுதம் வைத்திருப்பார்கள் என்றெல்லாம் அது பேசுகிறது. பணிக்கு வந்த இளம் அதிகாரி அதைப் படித்துவிட்டு, பிறகு மனிதர்களைப் பார்த்தார். வரிசை தலைகீழாக இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

பத்து விரல், ஆயிரத்து இருபத்து நான்கு அறை

இதே காலத்தில் வங்காளத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1858இல் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்ததாரரின் கை முழுவதையும் ஒப்பந்தக் காகிதத்தில் பதித்து வாங்கினார். பின்னாளில் மறுக்காமல் இருக்கட்டும் என்பதே அவர் நோக்கம். பிரான்சிஸ் கால்டன் 1892இல் விரல்ரேகை பற்றிய நூலை வெளியிட்டார். ஒருவர் ரேகை மற்றவருடையதைப் போல் இராது, வயதானாலும் மாறாது என்பது அதற்குள் ஓரளவு நிலைநாட்டப்பட்டுவிட்டது.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. ஒரு லட்சம் ரேகைத் தாள்கள் இருக்கும் அலுவலகத்தில் ஒரு தாளை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர் வரிசையில் அடுக்கினால் பயனில்லை. பிடிபட்டவர் பொய்ப் பெயர் சொல்வார். இதற்கு விடை கண்டவர்கள் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். முறை ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவியது. உழைத்த இருவர் பெயரும் வெளியே தெரிய நெடுங்காலம் ஆனது.

முறை எளியது. நம் பாட்டிமார் விரல் நுனியைப் பார்த்துச் சங்கு, சக்கரம் என்பார்கள். அந்தச் சக்கரம் போன்ற சுழி ஒவ்வொரு விரலிலும் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. வலக்கைக் கட்டைவிரலில் தொடங்கி இடக்கைச் சுண்டுவிரல் வரை விரல்களுக்கு 1 முதல் 10 வரை எண் இட வேண்டும். இரண்டிரண்டு விரலாக எடுத்துக்கொண்டு, சுழி இருந்தால் முதல் இணைக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1 என்று மதிப்பு தர வேண்டும். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களுடையதோடு 1 சேர்த்தால் கீழ் எண். இரண்டு கட்டைவிரல்களில் மட்டும் சுழி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலக் கட்டைவிரல் முதல் விரல், மதிப்பு 16. இடக் கட்டைவிரல் ஆறாவது, மதிப்பு 4. ஆகவே அவருடைய தாள் 5-இன் கீழ் 17 என்ற அறைக்குப் போகும். மேலே 32, கீழே 32 எனப் பெருக்கினால் மொத்தம் 1,024 அறைகள். புறாக்கூடு போன்ற அலமாரியில் ஒரு லட்சம் தாளைத் தேடும் வேலை, சராசரியாக நூறு தாளைத் தேடும் வேலையாகச் சுருங்கிவிட்டது. எல்லா அறையும் சமமாக நிரம்பாது என்பதால், நெரிசலான அறைகளுக்கு உட்பிரிவுகளும் வகுத்தார்கள்.

கணினி படிக்கும் மாணவர்கள் இதற்குள் இரும எண்முறையைக் கண்டிருப்பார்கள். பத்து விரல், ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை என்ற விடை. இரண்டின் பத்தாம் அடுக்கு 1,024. மின்சாரம் இல்லாத ஒரு தகவல் தொழில்நுட்பம் இது. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் இந்த முறையில் இயங்கத் தொடங்கியது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு இதை ஏற்றது 1901இல்.

இந்த நுட்பம் தனி மனிதரைத் தனி மனிதராக அடையாளம் காண்பதற்காகப் பிறந்தது. அப்பன் செய்த குற்றத்துக்கு மகனைப் பிடிக்காமல் இருக்கவும், ஒரே பெயருள்ள இருவரில் தவறானவரைச் சிறையில் போடாமல் இருக்கவும் இதைவிட நல்ல கருவி அன்று இல்லை. மதுரைச் சமவெளியில் அது எதற்குப் பயன்பட்டது என்பதைப் பார்த்தால் மனம் கனக்கும்.

ரேகைச் சட்டம்

குற்றப் பழங்குடியினர் சட்டம் முதன்முதலில் 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்டது. 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணமும் அதன் எல்லைக்குள் வந்தது. ஒரு சமூகத்தாரை அரசு அறிவிக்கை மூலம் குற்றப் பழங்குடி என அறிவிக்கலாம். அந்த அறிவிக்கை செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அறிவிக்கப்பட்ட பின் மாவட்ட நடுவர் அந்தச் சமூகத்தாரின் பதிவேடு தயாரிக்கலாம். பதிவுக்கு வருபவர்கள் ரேகை கொடுக்க வேண்டும். பதிவானவரின் ரேகையை எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம். பத்தாம் பிரிவின்படி, குறித்த இடைவெளிகளில் நேரில் வந்து நிற்கவும், குடியிருப்பையும் வெளியூர்ப் பயணத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கவும் உத்தரவிடலாம்.

மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் மீது இச்சட்டம் 1914இல் நாகமலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பாய்ந்தது. 1918க்குள் மாவட்டம் முழுவதும் உள்ள அச்சமூகத்தார் அதன் பிடிக்குள் வந்தனர். வயது வந்த ஆண்கள் ரேகை வைத்தார்கள். இரவில் காவலரின் கண்ணெதிரே, சாவடியிலோ நிலையத்திலோ படுத்துக் கிடக்க வேண்டும். அவசரத்துக்கு வெளியூர் போக வேண்டுமென்றால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். புது மாப்பிள்ளையும் விலக்கில்லை, வயலுக்கு மடைமாற்றப் போக வேண்டியவரும் விலக்கில்லை. உசிலம்பட்டிப் பக்கம் வயதான குடும்பங்களில் இந்தச் சீட்டின் கதையைச் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

காவல் துறையின் தேவை என்ற கோணத்திலிருந்து மட்டும் பார்த்தாலும் இது மோசமான ஏற்பாடு. எல்லோரையும் பதிவு செய்தால் யாரையும் தேட முடியாது. திருட்டே அறியாத உழவரின் ரேகையும் பழுத்த திருடரின் ரேகையும் ஒரே அலமாரியில் கிடந்தன. இரவு முழுவதும் நூறு பேரை எண்ணிக் கொண்டிருந்த காவலர், நூற்றியொன்றாம் ஆளான வேறு ஊர்த் திருடரைப் பிடிக்க எப்படிப் போவார்? தகவல் குவிந்தது, துப்பு குறைந்தது.

பெருங்காமநல்லூர் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். ரேகை வைக்க மாட்டோம் என்று அந்த ஊரார் மறுத்தார்கள். நாங்கள் உழுது பிழைப்பவர்கள், எங்கள் மீது என்ன வழக்கு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 1920 ஏப்ரல் 3 அன்று விடிகாலையில் ஆயுதக் காவலர்கள் ஊரைச் சூழ்ந்தார்கள். பேச்சு முறிந்து கைகலப்பானது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது மாயக்காள் கொல்லப்பட்டார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் கைதாகித் திருமங்கலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊரில் இன்று நினைவுத்தூண் இருக்கிறது; ஏப்ரல் 3 அன்று மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு ஓராண்டு முடிவதற்குள் நடந்த நிகழ்ச்சி இது. அமிர்தசரஸ் பற்றிப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் நம் பிள்ளைகளில் பெருங்காமநல்லூர் பேருந்து எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

ரேகைச் சட்டத்துக்கு எதிராகச் சட்டத்தின் வழியிலேயே போராடியவர் மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்தவர். கள்ளர் சமூகத்தார் அவரை அன்போடு ரோசாப்பூத் துரை என்று அழைத்தார்கள். முப்பதுகளில் முத்துராமலிங்கத் தேவர் இச்சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். இன்னொரு பக்கம் அரசு கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஏற்படுத்தியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. ஒரே அரசு ஒரு கையால் ரேகைத் தாளையும் மறு கையால் சிலேட்டையும் நீட்டிய காலம் அது. சிலேட்டு நிலைத்தது, அதற்காக நன்றி சொல்வதில் தவறில்லை.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31 அன்று முடிவுக்கு வந்தது.

கேடி என்ற சொல்

சட்டம் போனாலும் பதிவேட்டுப் பழக்கம் போகவில்லை. 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. முன்பு சமூகம் முழுவதும் பதிவாகியது. இனித் தண்டனை பெற்ற தனி ஆள் பதிவாவார். கொள்கை அளவில் இது பெரிய முன்னேற்றம்தான். நடைமுறையில் பழைய ஊர்களின் பெயர்களே புதிய பதிவேட்டிலும் முதலில் ஏறின.

'அவன் பெரிய கேடி' என்கிறோம். கேடு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒலி பொருந்திவருவதால் அப்படித் தோன்றும். ஆனால் இது காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்த சொல். அறியப்பட்ட கொள்ளையர் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் கே, டி. பதிவேட்டின் தலைப்பு ஒரு மனிதருக்குப் பட்டப்பெயராகி, பிறகு திரைப்படத் தலைப்பு வரை போய்விட்டது.

காகிதக் காலத்துக் காவல் நிலையம் பதிவேடுகளால் ஆனது. பொது நாட்குறிப்பு, முதல் தகவல் அறிக்கைப் புத்தகம், சரித்திரப் பதிவேடு, கைதிகள் பதிவேடு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்ற ரசீதும் உண்டு. புகார் கொடுத்தவருக்கு வழக்குப் பதியாமல் இந்த ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் நெடுநாள் இருந்தது. தண்டனைக்குரிய, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. முதல் தகவல் அறிக்கை என்ற பெயரிலேயே தகவல் என்ற சொல் இருக்கிறது. அது எழுதப்படாவிட்டால் எந்தக் கணினியும் உதவாது.

கணினி வந்தது, அழகர் எங்கே?

தேசியக் குற்ற ஆவணக் கூடம் 1986இல் தொடங்கப்பட்டது. விரல்ரேகைகளைக் கணினியில் ஒப்பிடும் முதல் அமைப்பு 1992இல் வந்தது. இருந்தும் ஒவ்வொரு காவல் நிலையமும் தனித் தீவாகவே இருந்தது. திருமங்கலத்தில் களவாடிய இருசக்கர வாகனத்தை விருதுநகரில் விற்றால், இரண்டு நிலையத்தாருக்கும் ஒருவர் கதை மற்றவருக்குத் தெரிய வழியில்லை. கம்பியில்லாத் தந்தியில் சொன்னால்தான் உண்டு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகுதான் மத்திய அரசு விழித்துக்கொண்டது. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களையும் இணைக்கும் குற்றம் மற்றும் குற்றவாளிகள் தொடர் வலையமைப்புத் திட்டத்துக்கு 2009இல் 2,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. இன்று தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் அறிக்கையின் நகலைப் பொதுமக்களே எடுத்துக்கொள்ள முடிகிறது. புகார்தாரர் எழுத்தரின் மேசை முன் காத்து நிற்கும் நிலை பெருமளவு குறைந்திருக்கிறது.

வெளியூர் நிறுவனங்கள் எழுதும் மென்பொருளுக்குப் புரியாத ஒரு தேவை நம் பக்கத்தில் உண்டு. அது பெயர். தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். மதுரை மாவட்டத்தில் பாண்டி, மாயாண்டி, கருப்பசாமி, முத்துப்பாண்டி என்ற பெயர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அழகர் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு எல் போடுவார் ஒருவர், இசட்டும் எச்சும் சேர்த்துப் போடுவார் இன்னொருவர். கருப்பசாமியில் எஸ்ஸுக்குப் பின் டபிள்யூ வருமா, கடைசியில் ஐயா ஒய்யா என்பது தட்டச்சு செய்பவரின் விருப்பம். போதாததற்கு 'என்கிற' என்று ஒரு பட்டப்பெயர். ஒருவருடைய மூன்று வழக்குகள் மூன்று வேறு ஆட்களுடையவையாகத் தெரியும். மூன்று பேருடைய வழக்குகள் ஒருவர் தலையில் ஏறினால் இன்னும் ஆபத்து. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எழுத்து மாறினால் பிள்ளையின் சான்றிதழைத் திருத்த எத்தனை அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவோம். குற்றப் பதிவேட்டில் அதே பிழை நேர்ந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒலி ஒற்றுமையை வைத்துப் பெயர்களைத் தேடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அது ஆங்கில ஒலிகளுக்கானது. நம் ழகரமும் ளகரமும் அதற்குத் தெரியாது. தமிழ் எழுத்துக் குறியேற்றத்திலும் குழப்பம் இருந்தது. ஒரு எழுத்துருவில் அடித்தது மறு கணினியில் கோழிக்கிறுக்கலாகத் தெரியும். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்ற பிறகே, தமிழில் எழுதிய புகாரைத் தமிழிலேயே தேடும் வழி பிறந்தது. என் பார்வையில், புதிய கேமராக்களை வாங்குவதற்கு முன் செலவிட வேண்டியது இந்தத் தமிழ்ப் பெயர்த் தேடலுக்குத்தான்.

மேலூர்க் குன்றுகளுக்கு மேலே

நல்ல தகவல் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் மதுரையிலேயே சான்று உண்டு. மேலூர் வட்டாரத்தில் அனுமதிக்கு மேல் கிரானைட் வெட்டி எடுக்கப்படுவதாகப் புகார்கள் இருந்தன. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இழப்பை 16,338 கோடி ரூபாய் என மதிப்பிட்டிருந்தார். குழி எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று நிறுவினால்தான் வழக்கு நிற்கும். பரந்து கிடந்த பள்ளங்களை நாடா பிடித்து அளப்பது முடியாத காரியம். அந்த ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான ஆளில்லாச் சிறு வானூர்தியைக் காவல் துறை மேலூருக்கு வரவழைத்துக் குவாரிகளை மேலிருந்து படம் பிடித்தது. கல்யாண வீட்டில்கூட டிரோன் பறக்கும் இன்றைய நாளில் இது பெரிதாகத் தோன்றாது. அன்று இந்தியக் காவல் பணியில் அது அரிய முயற்சி.

பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. அந்தப் படப்பிடிப்பில் நான் மதிப்பது ஒன்றை. கருவி யாருடைய பிறப்பையும் கேட்கவில்லை. பள்ளத்தை அளந்தது.

சாத்தான்குளம்: அழிந்த படம்

காவல் நிலையத்துக்குள் நடப்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற தேவை 2020இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜூன் 19 அன்று கைதான ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் சில நாள்களுக்குள் உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் உத்தரவுப்படி நிலையத்துக்குச் சென்ற நீதித்துறை நடுவர் அளித்த அறிக்கையில் ஒரு செய்தி இருந்தது. கேமரா இருந்தது. ஒரு டெராபைட் இடமுள்ள நினைவகமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் தானே அழிந்துவிடும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 முதலான காட்சிகள் கிடைக்கவில்லை. தடயங்களைக் காப்பதற்காக அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. இப்படி ஒரு உத்தரவைத் தமிழ்நாடு அதற்கு முன் கேட்டதில்லை என்றே சொல்லலாம்.

இங்கே குறை கருவியில் இல்லை. நினைவகத்தில் இடம் இருந்தும் நினைவு வைக்க வேண்டாம் என்று ஒருவர் அமைத்திருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாயில், தாழ்வாரம், கைதி அறை உள்ளிட்ட இடங்களில் கேமரா பொருத்த வேண்டும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும், அத்தகைய கருவி கிடைக்காத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையிடுவதையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யக் கோருகிறது. கோவலனின் சிலம்பை உடைத்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்ன ஊர் என்ற பழியைச் சுமப்பது மதுரை. சான்றைக் காத்து வைத்தால்தான் சோதிக்க முடியும் என்பது இந்த ஊருக்குப் புதிய பாடமன்று.

மீண்டும் ரேகை

பெருங்காமநல்லூர் நிகழ்ந்த அதே 1920இல் கைதிகளை அடையாளம் காணும் சட்டமும் இயற்றப்பட்டது. தண்டனை பெற்றவரிடமும் குறிப்பிட்ட குற்றங்களில் கைதானவரிடமும் ரேகை எடுக்க வழி செய்த சட்டம் அது. நூறாண்டு கழித்து, 2022இல் அதற்குப் பதிலாகக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்தது. விரல்ரேகையோடு உள்ளங்கை, பாதம், கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து ஆகியவையும் சேர்ந்துள்ளன. இவை தேசியக் குற்ற ஆவணக் கூடத்தில் 75 ஆண்டுகள் வைக்கப்படும். இருபது வயதில் எடுத்த ரேகை தொண்ணூற்றைந்து வயது வரை இருக்கும் என்று பொருள். ஒரே விரல்ரேகைக்கு நாடு முழுவதும் ஒரே எண் தரும் தானியங்கி அமைப்பும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஹக்கும் போஸும் அறைகளில் அடுக்கிய தாள்கள் இப்போது நொடிகளில் ஒப்பிடப்படுகின்றன.

தமிழ்நாடு காவல் துறை 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருளைத் தொடங்கியது. ரோந்து செல்லும் காவலர் கைபேசியில் ஒருவரைப் படம் எடுத்துச் சேமிப்பிலுள்ள முகங்களோடு ஒப்பிடலாம். காணாமல் போனவர்களைத் தேடவும் இது உதவும். 2024 மே மாதம் அந்தத் தளத்தின் நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போய் ஊடுருவல் நடந்ததைக் காவல் துறையே தெரிவித்தது. காகிதப் பதிவேட்டைத் திருட நிலையத்துக்குள் நுழைய வேண்டும். இதற்கு அந்த அவசியமும் இல்லை. ரேகையைப் போல முகத்தையும் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், இத்தகைய சேமிப்புக்குப் பூட்டு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும்.

பதிவேட்டில் யாரை ஏற்றுவது என்ற பழைய கேள்விக்கும் நீதிமன்றங்கள் திரும்பியுள்ளன. சரித்திரப் பதிவேடுகளில் பின்தங்கிய சமூகத்தார் முன்முடிவால் சேர்க்கப்படுவது குறித்து 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளின் கைதிப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்க ஆணையிட்டது. சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்வதைத் தடுக்கும் வழிமுறைகளைக் காவல் துறை பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது.

2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, வழக்கிலிருந்து விடுதலையானாலோ, மேல்முறையீடுகள் முடிந்த பின் அவருடைய ரேகை முதலான பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். நீதிமன்றம் காரணம் எழுதி வேறு விதமாக ஆணையிட்டால் மட்டுமே வைத்திருக்கலாம். அழிக்கக் கோரும் மனுவை மாநில அரசு அதற்கென நியமித்துள்ள பொறுப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். ரேகைச் சட்டத்தில் ஒருமுறை பதிவானவருக்கு மாவட்ட நடுவரின் தயவைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.